ஃப்ராவ் காஜா மைதீன்

என் அருமை அத்தாவுக்கு, உங்கள் ஷமீமாவின் ஸலாம்.

ஒரே வீட்டில் இருந்தும், நேரில் சொல்லக் கூச்சப்பட்டு எழுதுகிறேன். நல்ல செய்தி உங்களுக்கே தெரியும். ஜெர்மனியில் எனக்கு நர்ஸ் வேலை கிடைத்துவிட்டது. அம்மா அழுதுகொண்டே தெரு முழுக்க மிட்டாய் கொடுத்தாள்.

போன வாரம் போனில்தான் இன்டர்வியூ. கேள்வி கேட்ட ஜெர்மன்கார அம்மாவின் குடும்பப் பெயர் ஷ்னைடர். ஷ்னைடர் என்றால் டைலர், அத்தா. சரியாகச் சொன்னால், 'வெட்டுபவர்'. தைப்பதை வைத்து அல்ல, துணி வெட்டுவதை வைத்து வந்த பெயர். "தைக்கிறதுக்கு ஆள் வச்சுக்கிரலாம், கத்திரிய மட்டும் அடுத்தவன் கையில குடுக்க மாட்டேன்" என்பீர்களே, நினைவிருக்கிறதா?

அந்தக் காலத்தில் ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருந்தால், தொழிலைச் சேர்த்துக் கூப்பிட்டார்களாம். அது பிள்ளைகளுக்கும் ஒட்டிக்கொண்டு குடும்பப் பெயராகிவிட்டது என்று ஜெர்மன் வகுப்பில் சொன்னார்கள். நம் ஊர் முனிச்சாலையில் நீங்கள் டைலர் காஜா, எதிரே டீக்கடை காஜா. அதே கதைதான்.

ஏழாம் வகுப்பில் என்னை 'டைலர் மக' என்று கூப்பிட்டார்கள் என அழுதேன். பள்ளிப் படிவத்தில் உங்கள் தொழிலை பிசினஸ் என்று எழுதச் சொல்லி அடம்பிடித்தேன். "அம்புட்டுத்தானம்மா? எழுதிட்டாப் போச்சு" என்று சிரித்தபடியே எழுதிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு வலித்ததா அத்தா? கேட்காமலே இருந்துவிட்டேன்.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? இனிஷியல்தான். அதை விரித்து பாஸ்போர்ட்டில் உங்கள் பெயரைப் போட்டதால், அந்த அம்மா என்னை, பெண்களுக்கு மரியாதையாகச் சேர்க்கும் 'ஃப்ராவ்' போட்டு, "ஃப்ராவ் காஜா மைதீன்" என்றே அழைத்தார். முதல் தடவை, உங்களைக் கேட்டு யாரோ வந்திருப்பதாக நினைத்துத் திரும்பிப் பார்த்தேன்.

கடைசியில், "என் பெயருக்கு டைலர் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் யாருக்கும் ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. உங்கள் பெயருக்கு என்ன அர்த்தம்?" என்றார்.

காஜா என்றால் மரியாதைக்குரிய பெரியவர் என்பதுதான் சரியான பதில். ஆனால் கடைக்கு வருபவர்களிடம் நீங்கள் அடிக்கும் கிண்டல்தான் நினைவுக்கு வந்தது: "பேரே காஜா, பட்டன் நிக்காமப் போகுமாண்ணே?" பட்டன் நுழையும் துளைக்கு எங்கள் ஊரில் காஜா என்று பெயர், என் அத்தா டைலர், தைத்துத்தான் என்னைப் படிக்க வைத்தார் என்றேன். வெளியாள் ஒருவரிடம் அதைச் சொன்னது அன்றுதான் முதல் முறை. அந்த அம்மா சிரித்துவிட்டு, "அப்படியானால் உண்மையான ஷ்னைடர் நீங்கள்தான்" என்றார்.

படிக்க வைத்ததற்கு உங்களுக்கு ஒருநாளும் நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன். அங்கே வாசல் மணிப் பொத்தானுக்குப் பக்கத்தில் குடும்பப் பெயரைத்தான் எழுதி வைப்பார்களாம். என் வாசலில் உங்கள் பெயர் இருக்கும். யார் கேட்டாலும், எந்தப் படிவம் கேட்டாலும், இனி பிசினஸ் என்று சொல்ல மாட்டேன் அத்தா.

உங்கள்
டைலர் மக