பழைய டேப்பும் ஜெனலினும்

மார்ச் 3, திங்கள்
நேற்று ஜெனலின் சர்வரில் இருந்த மென்பொருளை எல்லாம் அப்கிரேட் செய்துவிட்டாள். வானொலி நிலையமே கொண்டாடுகிறது. மேலாளர் சல்செதோ சார் எல்லோருக்கும் பன்சித் நூடுல்ஸ் வாங்கிக் கொடுத்தார். இதே வேலைக்கு நான் எத்தனை வருடம் அனுமதி கேட்டேன்? "ஓடுறதைத் தொடாதே பெலென்" என்று சொன்னவர்தானே இவர்? அவள் வேலைக்குச் சேர்ந்தது போன கிறிஸ்துமஸுக்குத்தான். ஒரு சிரிப்பு சிரித்தாள் — அனுமதி கிடைத்துவிட்டது. என் பங்கு பன்சித்தைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 4
அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவதுகூட எரிச்சலாக இருக்கிறது.

மார்ச் 5, புதன்
பழைய வானொலி நாடகங்கள் இருக்கும் டேப் ஒன்றைச் சும்மா போட்டுப் பார்த்தேன். டேப்பை ஓட்டவும் நிறுத்தவும் 'எம்டி' என்று ஒரு சின்ன நிரல் உண்டு. வழக்கமான கட்டளையைக் கொடுத்தால், அப்படியொன்று தெரியாது என்கிறது! தோண்டிப் பார்த்தேன். அப்கிரேடில் பழைய எம்டி ஒதுங்கிவிட்டது. அதே பெயரில் வேறொரு நிரல் வந்து உட்கார்ந்திருக்கிறது. டேப்பில் எந்த அளவுத் துண்டுகளாக எழுதியிருக்கிறது என்று, டேப்பைப் படிக்கிற டிரைவுக்குச் சொல்ல இதற்குத் தெரியாது. சொல்லாவிட்டால் பழைய டேப் எதையும் படிக்க முடியாது.

ஜெனலினுக்கு இது தெரியாது. பழைய டேப்புகளை அவள் தொட்டதே இல்லை.

நான் சொல்லவில்லை. அவளே மாட்டிக்கொள்ளட்டும். இவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்கு வந்து நாளாயிற்று. ச்சீ, என்ன பொம்பளை நான்?

மார்ச் 6, வியாழன்
நடிகர் அமாதோ இறந்துவிட்டார். எங்கள் மத்தியான நாடகத்தில் காலமெல்லாம் வில்லன். அவர் மகள் வந்து நின்றாள். "சனிக்கிழமை அடக்கம். மாதா கோயில்ல அப்பா குரலை ஒரு தடவை போடணும்."

ஜெனலின் டேப்பைப் போட்டாள். பிழை. மறுபடியும் பிழை. சல்செதோ சார் என் பக்கம் திரும்பினார். "டேப்பெல்லாம் உன் பொறுப்புலதானே இருந்துச்சு பெலென்? பூஞ்சை புடிக்க விட்டுட்டியா?"

எல்லோர் முன்னாலும்! இப்போது உண்மையைச் சொன்னால், நேற்றே தெரியுமா என்று கேட்பார். வாயை மூடிக்கொண்டு நின்றேன். வேண்டும் எனக்கு.

மார்ச் 7, வெள்ளி
காலையில் போனால், டிரைவ்தான் கெட்டுப்போனதா என்று பார்க்க, அமாதோ டேப்பின் மேலேயே சோதனையாக எதையோ எழுதப் போகிறாள் ஜெனலின்!

"ஏய், கையை எடுடி!"

"இது எப்படியும் போன டேப்தானேக்கா?"

"போகலை. மேல எழுதினாத்தான் போகும். தள்ளு."

பழைய எம்டியைத் திரும்பக் கொண்டுவந்தேன். துண்டின் அளவைச் சொன்னேன். டேப் உறுமிக்கொண்டு ஓடியது. ஒலிபெருக்கியில் அமாதோவின் வில்லச் சிரிப்பு. காலையிலேயே வந்து காத்திருந்த மகள் கூடவே சிரித்தாள், பிறகு அழுதாள்.

"சபாஷ் ஜெனலின்!" என்றார், சத்தம் கேட்டு வந்த சார். "நானில்ல சார், அக்காதான்" என்று அவள் சொல்வதற்குள் மகளை அழைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இருவர் மட்டும் இருந்தோம். "எப்படிக்கா இவ்ளோ சீக்கிரம் புடிச்சீங்க?"

"புதன்கிழமையே தெரியும்" என்றேன். எப்படி வந்ததோ அந்தச் சொல்.

டேப்பை எடுத்து உறையில் போட்டாள். "என்னைப் புடிக்கலேன்னா என்னைத் திட்டுங்கக்கா. அந்தப் பொண்ணு என்ன பண்ணுச்சு?"

சாரிடம் அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்தது. நானாயிருந்தால் சொல்லியிருப்பேன். அதற்கும் அவள் மேல் பொறாமைதான்.

மார்ச் 8
அடக்கத்துக்குப் போனேன். பின்வரிசையில் நின்றேன்.

ஜூன் 16, திங்கள்
பிரிவுத் தலைவர் பதவி ஜெனலினுக்கு. போன வாரமே தெரியும். எழுதத்தான் மனம் வரவில்லை.

அப்கிரேடில் என்னென்ன மாறப்போகிறது என்று இப்போதெல்லாம் என்னிடம்தான் முதலில் காட்டுகிறாள். இன்று வந்த பட்டியலில் ஒன்றைப் பார்த்ததும், பையைக்கூடக் கீழே வைக்காமல் கத்தினேன்: "ஜெனலின்! அதைத் தொட்டுறாதே!"

"ஏங்க்கா?"

"வரேன், காட்டறேன்."

தன் நாற்காலியை எனக்கு இழுத்துப் போட்டாள். தலைவர் நாற்காலி, நல்ல மெத்தை. வயிறு எரியத்தான் செய்தது. உட்கார்ந்து, காட்டினேன்.