என் வண்டியில் உங்கள் பிரேக்

அக்கா,

கையை இரண்டு முறை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பிரேக் ஆயில் வாடை போகவில்லை. சோறு பிசையும்போதும் அதே வாடைதான். எதிரே மேசைமேல் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம் இருக்கிறது. என் வண்டியிலிருந்து கழற்றிய மாஸ்டர் சிலிண்டர் அது. ஒரு சாண்கூட இருக்காது. நாம் காலால் மிதிப்பதைச் சக்கரம்வரை கொண்டுபோய்ச் சேர்ப்பது இந்த இரும்புத் துண்டுதானாம். இப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் இத்தனை வருடம் இதை நம்பி வண்டி ஓட்டியிருக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. வீட்டில் வைத்திருக்கவும் பயமாக இருக்கிறது.

அது இருந்த இடத்தில் இப்போது இருப்பது உங்கள் வண்டியினுடையது. நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

பத்திரப் பதிவு அலுவலகத்தில் நமக்கு எதிரெதிர் மேசை. நாற்பது தாண்டி இரண்டு பெண்கள் கார் ஓட்டப் படிக்கிறார்கள் என்று அங்கே எல்லோருக்கும் சிரிப்பு. நீங்கள் ஆசைக்குப் படித்தீர்கள். நான் வள்ளிக்காகப் படித்தேன். என் மகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பேருந்தில் நாலு பேர் நெருங்கினால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவாள். ஆட்டோ சத்தமும் ஆகாது. அவள் அப்பாவுக்குத் திருப்பூரில் வேலை, மாதத்தில் நான்கு நாள்தான் வீட்டில் இருப்பார். மதுரை டாக்டரிடம் மாதம் தவறாமல் அவளை யார் கூட்டிப்போவது? அதனால்தான் பயந்துகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

ஒரே நாளில், ஒரே மாடலை, ஒரே சாம்பல் நிறத்தில் வாங்கினோம். ஷோரூமில் கொடுத்த புத்தகத்தில் நான் வாரண்டிப் பக்கத்தை மட்டும் படித்தேன். நீங்கள் கம்பெனியின் கதையை முதலிலிருந்து படித்து, மதியச் சாப்பாட்டின்போது எனக்குச் சொன்னீர்கள். கம்பெனியைத் தொடங்கியவர் மாமனார் வீட்டுக் கொட்டகையில் செய்த முதல் வண்டிக்குக் கால் பிரேக்கே கிடையாதாம். ஒரு மரக்கட்டையைச் சக்கரத்தில் அழுத்தித்தான் நிறுத்த வேண்டுமாம். கட்டையின் கைப்பிடி பக்கத்து இருக்கையில் இருந்ததாம். அவர் மனைவிதான் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம்.

“ஓட்டுனது அவரு, நிப்பாட்டுனது அவரு பொண்டாட்டி. அந்தம்மா இல்லைன்னா கம்பெனியே இல்லடி” என்றீர்கள், வாயில் சோற்றோடு.

பிறகு அந்தக் கம்பெனி போர்க்காலத்தில் லாரி செய்தது, குடும்பங்களுக்குச் சின்ன வண்டி செய்தது, கடல் தாண்டி நாடு நாடாகத் தொழிற்சாலை வைத்தது என்று புத்தகம் நீண்டுகொண்டே போனது. கடைசிப் பக்கத்தில் நம் நாட்டுத் தொழிற்சாலையின் படம். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. வாழைமரம் கட்டியவன் ஓடிப்போக மாட்டான் என்று நினைத்தேன்.

பிள்ளையார்பட்டியில் பூசை போட்டதும் நினைவிருக்கிறது. உங்கள் வண்டி எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு ஒரே மூச்சில் கிளம்பிப் போனது. என் வண்டி பழத்தின்மேல் ஏறப் பயந்து மூன்று முறை அணைந்தது. வண்டி பயப்படவில்லை, நான்தான் பயந்தேன். குருக்கள் தட்டோடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். நீங்கள் இறங்கி வந்து, என் கண்ணாடியைத் தட்டி, “பழம் உன்னைய ஒன்னும் செய்யாதுடி, ஏத்து” என்றீர்கள்.

வாழைமரம் கட்டியவன் ஒருநாள் ஓடித்தான் போனான். நம் நாட்டில் இனி வண்டி செய்வதில்லை, தொழிற்சாலையை மூடுகிறோம் என்று கம்பெனி அறிவித்தது. அலுவலகத்தில்தான் அந்தச் செய்தியைப் பார்த்தேன். ஷோரூமை அடுத்த தீபாவளிக்குள் துணிக்கடை ஆக்கிவிட்டார்கள். விற்றுவிடலாம் என்றேன். ஆனால் வள்ளி வேறு எந்த வண்டியிலும் ஏறவில்லை. வேறு நிறுவனத்தின் கார் ஒன்றை ஓட்டிப் பார்க்க வாசலுக்கே கொண்டுவந்தார்கள். அவள் கதவைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகையில் பக்கத்து வீட்டார் வெளியே வந்துவிட்டார்கள். அவளுக்கு வண்டி என்றால் அந்தச் சாம்பல் நிற வண்டி, அதன் முன் இருக்கை, கண்ணாடியில் தொங்குகிற மணி. மற்றதெல்லாம் அவளுக்கு அந்நியம்.

“கம்பெனி போனாப் போகட்டும். ரோடு இங்குட்டுத்தானே கெடக்குது” என்றீர்கள் நீங்கள். அன்று சாயங்காலமே போனில் ஒரு குழு தொடங்கி, ‘அநாதைகள் சங்கம்’ என்று பெயரும் வைத்தீர்கள். இந்த வட்டாரத்தில் அந்த மாடல் வைத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். தேவகோட்டையில் ஒருவருக்குக் கதவுக் கைப்பிடி வேண்டும். புதுக்கோட்டையில் ஒருவருக்கு ஒரு பக்கக் கண்ணாடி. கோழிப்பண்ணைக்காரர் ஒருவர், மரத்தில் மோதி நொறுங்கிய தன் வண்டியின் படத்தைப் போட்டு, வேண்டியதைக் கழற்றிக்கொள்ளுங்கள் என்று எழுதினார். அதற்கு நீங்கள் இரங்கல் செய்தி போட்டீர்கள். சிரித்துக்கொண்டே படித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. என் வண்டியில் எது முதலில் போகும் என்ற எண்ணம்தான்.

இனி சொல்லப்போவது எனக்குக் கஷ்டமானது.

வைத்தியம் போதும் என்று உங்களை வீட்டுக்குக் கூட்டிவந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை பார்க்க வந்தேன். தலையணையில் சாய்ந்து இருந்தீர்கள். உங்கள் வீட்டுக்காரர் காப்பி போட உள்ளே போனதும் என் கையைப் பிடித்து, “குன்றக்குடி வரைக்கும் ஒரு நட கூட்டிக்கிட்டுப் போடி. நீ ஓட்டு, நான் பக்கத்துல உக்காந்துக்கிறேன். அவரைக் கேட்டா வேணாம்பாரு” என்றீர்கள். அடுத்த வாரம் போகலாம் அக்கா, வண்டியைச் சர்வீசுக்கு விட்டிருக்கிறேன் என்றேன்.

வண்டி உங்கள் வாசலில்தான் நின்றிருந்தது. அதில்தான் வந்திருந்தேன். பாதி வழியில் உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என் கை ஓடாது, கால் ஓடாது என்ற பயத்தில் பொய் சொன்னேன். நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். அங்கிருந்து என் வண்டி தெரிந்திருக்கும். சரிடி என்றீர்கள். அடுத்த வாரம் நீங்கள் இல்லை.

இந்தத் தை மாதம் மதுரையிலிருந்து வள்ளியோடு திரும்பிக்கொண்டிருந்தேன். பழனிக்கு நடந்துபோகிறவர்கள் பிள்ளையார்பட்டி ரோடு முழுக்க எதிரே வந்துகொண்டிருந்தார்கள். தோளில் பை, சிலர் தோளில் காவடி, வெறும் கால். வள்ளிக்குக் கூட்டம் ஆகாது, ஆனால் கண்ணாடிக்கு உள்ளே இருந்து பார்ப்பதென்றால் பிடிக்கும். அரோகரா என்று அவர்களோடு சேர்ந்து கத்திக்கொண்டே வந்தாள். குன்றக்குடி நெருங்கும்போது ஒரு கூட்டம் நிழலைத் தேடி ரோட்டைக் கடந்து இந்தப் பக்கம் வந்தது. பிரேக்கை மிதித்தேன்.

கால் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. தடுக்க ஒன்றுமே இல்லை. மறுபடி மிதித்தேன். தரை இடித்தது. வண்டி அதே வேகத்தில் போகிறது. முன்னால் மஞ்சள் வேட்டிகள், ஒரு கைக்குழந்தை, காவடியின் மயிலிறகு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தன. கண்ணை மூடிக்கொள்ளலாம் என்றுகூட ஒரு கணம் தோன்றியது அக்கா. அது எவ்வளவு பெரிய பாவம் என்று இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

அப்போது உங்கள் குரல் வந்தது என்று எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள். குரலெல்லாம் வரவில்லை. டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பின் சீட்டில் உட்கார்ந்து நீங்கள் நச்சரித்ததைக் கை மட்டும் மறக்காமல் வைத்திருந்தது. “பிரேக் புடிக்கலைன்னா கியரைக் கொறைடி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சங் கொஞ்சமா இழு, பதறாத” என்பீர்கள். நான் பதறிக்கொண்டேதான் அதைச் செய்தேன். வண்டி உறுமி, குலுங்கி, மண்ணில் இறங்கி நின்றது. காவடி எடுத்திருந்த ஒரு பெரியவருக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு முழம் இருந்தது.

அவர்களில் யாருக்கும் என்ன நடந்தது என்று தெரியவில்லை. வழிவிட்டு, ஓரம்கட்டி, முருகனுக்காக நின்றேன் என்று நினைத்துக்கொண்டார்கள். அந்தப் பெரியவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

“நல்லா இருப்பீக தாயி. நடக்குறவுகளுக்கு இப்படி நின்னு வழிவிட இப்ப யாரு இருக்காக?” என்று சொல்லி வள்ளியின் நெற்றியில் திருநீறு பூசினார். எனக்கும் பூசினார். இன்னும் கொஞ்சத்தில் உங்களைக் கொன்றிருப்பேன் ஐயா என்று சொல்ல நினைத்தேன். கும்பிட்டேன். வள்ளி கைதட்டிச் சிரித்தாள். இன்றைக்கும் அந்தத் திருநீற்றின் தொடுதல் நெற்றியில் உறுத்துகிறது.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து செல்வத்தின் ஒர்க்‌ஷாப்பில் விட்டோம். அவன் கழற்றிப் பார்த்து, இரண்டு வாரம் கடை கடையாகத் தேடிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ள கீறல் விழுந்துருச்சு மேடம். புதுசு எங்குட்டும் கெடைக்காது. டூப்ளிகேட் ஒன்னு வருது, அதைப் போடச் சொன்னா நான் போட மாட்டேன். பிள்ளைய வச்சு ஓட்டுறீக.”

குழுவில் எழுதிப் போட்டேன். யாரிடமும் இல்லை. தேவகோட்டைக்காரர் கும்பிடும் கைகளை அனுப்பினார். வள்ளி அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் பன்னிரண்டு நாள் இருந்தது. அவள் மாத்திரை தவறினால் என்ன ஆகும் என்று நீங்கள் ஒருமுறை நேரில் பார்த்திருக்கிறீர்கள், அலுவலக வராந்தாவில் வலிப்பு வந்தபோது அவள் தலையை மடியில் பிடித்துக்கொண்டவர் நீங்கள்தான். எப்படியாவது அவளை மதுரை கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் மறுபடி அப்படி ஒரு நாள். வேறு எதையும் என்னால் யோசிக்க முடியவில்லை.

மூன்றாம் நாள் காலை குழுவில் உங்கள் பெயர் வந்தது. உங்கள் பெயர், பக்கத்தில் கறுப்புக் கண்ணாடி போட்ட உங்கள் படம். “எங்க வீட்ல ஒன்னு நிக்குது, வந்து எடுத்துக்க” என்று எழுதியிருந்தது. போனைக் கீழே போட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்துத்தான் உறைத்தது, உங்கள் போனை உங்கள் வீட்டுக்காரர் வைத்திருக்கிறார் என்று. செல்வத்தைக் கூட்டிக்கொண்டு உங்கள் வீட்டுக்குப் போனேன்.

போர்ட்டிகோவில் உங்கள் வண்டி துடைத்துவைத்த மாதிரி நின்றது. உங்கள் வீட்டுக்கார அண்ணனுக்கு ஓட்டத் தெரியாது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாவியைப் போட்டுப் பத்து நிமிடம் ஓடவிடுகிறாராம். நீங்கள்தான் பேட்டரி செத்துப்போகும் என்று சொல்லிவிட்டுப் போனீர்களாம். செல்வம் பானெட்டைத் திறந்தான். எனக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியவில்லை.

“அண்ணே, இதைக் கழட்டிட்டா இந்த வண்டி அப்புறம் நகராது” என்றேன்.

“இப்ப மட்டும் எங்குட்டு நகருது? அவ இருந்தா அவளே கழட்டிக் கொண்டாந்து குடுத்துருப்பா. நீ எடும்மா” என்றார் அவர். பிறகு வேறு எங்கோ பார்த்துக்கொண்டு, “சாகுறதுக்கு முன்னாடி ஒருநா உன்னையப் பத்திச் சொன்னா. அவளுக்குப் பயம், நான் கேட்டுருக்கக் கூடாதுன்னு. என்ன கேட்டா, ஏது கேட்டான்னு எனக்குத் தெரியாது” என்றார்.

அப்படியென்றால் நீங்கள் என் வண்டியை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறீர்கள். என் பொய்யை அன்றே கண்டுபிடித்து, தப்பை உங்கள் கணக்கில் வைத்துக்கொண்டும் போயிருக்கிறீர்கள். அண்ணன் எதிரில் அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன், முடியவில்லை. என்ன கேட்டீர்கள் என்பதை அவரிடம் சொன்னேன். நான் என்ன சொல்லித் தட்டிக்கழித்தேன் என்பதையும் சொன்னேன். அவர் செல்வத்துக்கு ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தார்.

நேற்று செல்வம் வண்டியைத் திருப்பிக் கொடுத்தான். உள் ரப்பர் வேறு வண்டியினுடையது ஒத்துப்போனதாம், புதிதாகப் போட்டிருக்கிறான். சரிவில் விட்டு விட்டு நிறுத்திக் காட்டினான். நல்லா இருக்கா, நம்பலாமா என்று நான் நாலாவது முறை கேட்டபோது, அவன் கையைத் துடைத்துக்கொண்டே, “உள்ள வழவழன்னு இருக்கு மேடம். ஆனா வயசு ரெண்டுக்கும் ஒன்னுதான், மறைக்கல. மாசம் ஒருவாட்டி எங்கிட்டக் கொண்டாந்து காட்டீட்டுப் போங்க” என்றான். ஒரே நாளில் வாங்கியவை. என்னுடையது போய்விட்டது. உங்களுடையது எத்தனை நாளைக்கு என்று அவனுக்கும் தெரியாது.

இன்று காலை உங்கள் வாசலில் ஹாரன் அடித்தேன். அண்ணன் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து பின் சீட்டில் உட்கார்ந்தார். வள்ளி வழக்கம்போல் முன்னால். எங்கே என்று அவர் கேட்கவில்லை. குன்றக்குடி வரை வழி முழுக்க என் முதுகு வேர்த்துக்கொண்டே இருந்தது. ஆடு தெரிந்தால் பயம், சைக்கிள் தெரிந்தால் பயம். மலை அடிவாரத்தில் பூக்கடைக்கு முன்னால் ஒரு பெண்மணி இரண்டு பக்கமும் பார்க்காமல் ரோட்டில் இறங்கினார்.

மிதித்தேன். கால் பாதியிலேயே நின்றது. கீழே யாரோ அழுத்திப் பிடித்துக்கொண்ட மாதிரி வண்டி நின்றது. வள்ளி அரோகரா என்றாள். அண்ணன் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

எனக்குப் பயம் போகவில்லை அக்கா. அடுத்த வாரம் மதுரை போகும்போதும் பயந்துகொண்டேதான் போவேன். ஆனால் இன்றைக்கு நீங்கள் கேட்டபடி குன்றக்குடிக்குப் போய்விட்டு வந்தோம். ஓட்டினது நான். நிறுத்தினது நீங்கள்.