ஜெனி தீட்டிய இதயம்

வியாழக்கிழமை, இரவு

இன்று நடந்ததில் எதையும் மறைக்காமல் எழுதப்போகிறேன்.

தங்கை ஜெனிக்கு மூச்சு வாங்குவதால் அம்மா அவளுக்கு வீட்டிலேயே பாடம் நடத்துகிறாள். பள்ளி விட்டு வந்தபின் நான் உதவுவேன். இந்த மாதப் பாடம் மனித உடல். பாறசாலைக் கடையில் வாங்கிய வண்ணம் தீட்டும் புத்தகத்தில் இதயப் படத்தை நான்தான் எடுத்துக் கொடுத்தேன். படம் அவ்வளவு அழகு. அவளுடைய இதயத்தில் ஓட்டை இருப்பது அவளுக்குத் தெரியாது. சளி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறோம்.

நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு, கெட்ட ரத்தத்துக்கு நீலம் என்றேன். கோடு தாண்டாமல் தீட்டினாள். பிறகு நீலப் பென்சிலைத் தன் நகத்தோடு சேர்த்துவைத்துப் பார்த்தாள்.

“அக்கா, ஒனக்க நகத்தக் காட்டு.”

காட்டினேன்.

“ஒனக்கு நீலம் இல்ல. அப்போ எனக்குள்ள கெட்டதாக்கும் ஓடுது, இல்லியா?”

“நீ கலர அடி மக்கா,” என்றேன். சிவப்புப் பென்சிலை எடுத்து அவள் கையில் வைத்தேன்.

அடுக்களையிலிருந்து அம்மா வந்து புத்தகத்தை மூடினாள். “இவ்வளவு படிக்கியே, பூவும் மீனும் உள்ள பக்கம் ஒனக்குக் கண்ணுல படல்லியா?” என்று என்னிடம் கேட்டாள். குரலை உயர்த்தவில்லை.

சாப்பிடும்போது ஜெனி இடது கையை மடியில் மூடி வைத்திருந்தாள். இப்போது என் பக்கத்தில் படுத்திருக்கிறாள்.

“ஆஸ்பத்திரில டாக்டரு எனக்கு என்னன்னு பறஞ்சாவ?”

“காலைல அம்மாட்ட கேளு.”

“அம்மா சளின்னு சொல்லுவா. நீ சொல்லு.”

நான் எழுதிக்கொண்டே இருக்கிறேன். அவள் என் முகத்தையே பார்க்கிறாள். அம்மா வந்து விளக்கை அணைத்துவிட்டாள். இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.