வேராவுக்கு மகள் உண்டா?

ஜனவரி 11, வியாழன்

'உப்புக்கு அடியில்' படத்தை மறுபடி எடுக்கிறார்கள். இன்று டிரெய்லர் வந்தது. கடையில் ஒரு பெரியவருக்குப் புதுக் கண்ணாடியின் காது வளைவைச் சரிசெய்துகொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. கண்ணாடியை அவர் மூக்கில் கோணலாக விட்டுவிட்டுப் பின்னறைக்கு ஓடினேன். எனக்கு வயது நாற்பத்தொன்பது என்பதை இங்கே பதிவுசெய்துகொள்கிறேன்.

பழைய படத்தின் கடைசிக் காட்சி: ஏரிக்கு அடியில் உப்புச் சுரங்கம். எல்லோரையும் மேலே அனுப்பிவிட்டு வேரா தனியாக நிற்பாள். லிஃப்ட் கதவு மூடும். இருட்டு. அவ்வளவுதான் படம். பன்னிரண்டு வயதில் பார்த்தேன். அவள் என்ன ஆனாள் என்று அன்று கேட்க ஆரம்பித்தது, இன்னும் நிறுத்தவில்லை.

புதிய படத்தில் ஒரு இளம்பெண். பெயர் சொல்லவில்லை. தலையில் சுரங்க ஹெல்மெட், அதன் இடப்பக்கம் ஒரு நசுங்கல். வேராவின் ஹெல்மெட்டிலும் இடப்பக்கம்தான்!

வேராவுக்கு ஒரு மகள் இருந்திருக்கிறாள்.

ஜனவரி 13

ரசிகர்களின் இணையக் குழுவில் என் கட்டுரையைப் போட்டேன். அங்கே என் பெயர் 'வேராவின் விளக்கு'. (சிரிக்காதே, மார்லீன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.) காபி ஆறுவதற்குள் 'பூட்டிய லிஃப்ட்' வந்துவிட்டாள். நான் எதை எழுதினாலும் இடிப்பதற்கென்றே பிறந்தவள்.

"மகளா? படம் முழுக்க அந்தப் பொம்பளை ஒரு தடவை வாந்திகூட எடுக்கல. மக எங்கேர்ந்து குதிச்சா? அது வேராவேதான். உப்புக்குள்ள வயசு ஏறாது."

"ஏன், வேரா என்ன ஊறுகாயா?" என்று கேட்டேன்.

பதிலின் கடைசியில் அவள் வழக்கமாகப் போடும் வசனம்: உப்பு மன்னிக்காது. படத்தில் வேரா சொல்வது 'உப்பு மறக்காது'. எத்தனை முறை திருத்தினாலும் அவளுக்கு 'மன்னிக்காது'தான்.

ஜனவரி 20

கராஜ் கதவு பாதியில் நின்றுவிட்டது. ரஸ் வந்து ஸ்பிரிங்கை மாற்றினான். என் முன்னாள் கணவன் கராஜ் கதவு விற்பவன். விவாகரத்தில் எனக்குக் கிடைத்த ஒரே லாபம் இந்த இலவசப் பழுதுபார்ப்பு. நோரீனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. அவளை நான் சர்ச்சில் பார்த்தால் தூரத்திலிருந்து தலையசைப்பேன். அவளும் அசைப்பாள். மரியாதையான ஏற்பாடு.

மேசையில் நான் ஒட்டி வைத்திருந்த ஹெல்மெட் படங்களைப் பார்த்தான்.

"இன்னும் அந்தப் படத்தை விடலையா நீ?"

"உனக்கென்ன போச்சு?"

"எனக்கா? நான் எங்க போனாலும் இந்த உப்பு விடாது போலிருக்கே!" என்று முனகிக்கொண்டே போனான்.

வெளியே பனி உருகுவதற்காகச் சாலை முழுக்க உப்பு தூவியிருந்தார்கள். அதைச் சொல்கிறான்போல.

பிப்ரவரி 4

பூட்டிய லிஃப்டும் நானும் இப்போது தனிச்செய்தியில் பேசுகிறோம். ஆரம்பித்தது ஹெல்மெட் பற்றி. எங்கெங்கோ போய்விட்டது. இரவுச் சாப்பாட்டுக்குச் சில நாள் கார்ன்ஃப்ளேக்ஸ்தான் என்பதை என் சொந்தத் தங்கைக்குக்கூட நான் சொன்னதில்லை. இவளிடம் சொன்னேன். "பால் ஊத்தியா, ஊத்தாமலா?" என்று மட்டும் கேட்டாள். அந்தக் கேள்வி எனக்குப் பிடித்திருந்தது.

பிப்ரவரி 11

அவள் இன்று எழுதியது மனதை என்னவோ செய்தது. கணவனின் முதல் மனைவி பெரிய கெட்டிக்காரியாம். வீட்டில் எந்த அலமாரியைத் திறந்தாலும் 'அவ இதை இப்படி வைப்பா' என்கிறானாம். "நான் ரெண்டாவதா வந்தவ. எவ்வளவு செஞ்சாலும் ஒப்பிட்டுத்தான் பாக்கறாங்க."

நான் நீளமாகப் பதில் எழுதினேன். உலக அனுபவம் கொட்டிக் கிடக்கிறதே என்னிடம்! "அந்த முதல்காரி ஒரு ராட்சசியாத்தான் இருந்திருப்பா. அதான் விட்டுட்டு ஓடி வந்திருக்கான். அவளைத் தூக்கிக் குப்பையில போடுங்க."

அனுப்பிவிட்டு, ஒருவருக்கு உதவிய நிம்மதியோடு தூங்கினேன்.

மார்ச் 8, வெள்ளி

ஐயோ.

சர்ச் அடித்தளத்தில் தவக்கால வெள்ளியின் மீன் வறுவல் விருந்து. தட்டோடு வரிசையில் நின்றேன். இந்த வருடம் உருளைக்கிழங்கு வறுவல் பரிமாற நோரீன் நின்றிருந்தாள். வேறு வழியில்லை, தட்டை நீட்டினேன். அவளுக்கும் சங்கடம். ஏதாவது பேச வேண்டுமே என்று உப்புக் குப்பியைத் தூக்கிக் காட்டினாள்.

"கொஞ்சமா போடட்டுமா? ஜாஸ்தியானா வம்பு. உப்பு மன்னிக்காது."

என் வாய் என்னைக் கேட்காமலே திறந்தது. "மறக்காது."

குப்பி அந்தரத்தில் நின்றது. பின்னால் இருந்தவர் இருமினார். நோரீனின் முகம் மெல்ல மெல்ல வெளுத்தது. என் முகம் எப்படி இருந்ததோ, கடவுளுக்கே வெளிச்சம்.

"நீங்க... விளக்கா?"

"நீ... லிஃப்டா?"

தட்டோடு காருக்குப் போய்விட்டேன். பீங்கான் தட்டு. சர்ச் சொத்து.

மார்ச் 9

எல்லாவற்றையும் மறுபடி படித்தேன். அந்த முதல் மனைவி நான். என்னைத்தான் குப்பையில் போடச் சொல்லியிருக்கிறேன், அதுவும் அத்தனை விளக்கமாக. ஒரு படத்தின் நசுங்கலிலிருந்து ஒரு பரம்பரையையே கண்டுபிடித்தேன். அலமாரி, ராட்சசி, இரண்டாவது கல்யாணம் — இதிலிருந்து ஒன்றும் கண்டுபிடிக்க முடியவில்லை எனக்கு.

கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். பேஷ்.

ஆனால் கெட்டிக்காரியா? ரஸ் அப்படியா சொல்கிறான் என்னை? என்கூட இருந்தவரை ஒரு நாள் சொன்னதுண்டா அந்தப் பய?

மார்ச் 24

அவள் குழுவுக்கு வரவில்லை. நானும் எழுதவில்லை.

ஏப்ரல் 19

புதிய படத்தின் இயக்குநர் பேட்டி. ஹெல்மெட் நசுங்கலைப் பற்றிக் கேட்டார்கள். "எந்த நசுங்கல்? ஓ, அதுவா! வேனிலிருந்து இறக்கும்போது யாரோ கீழே போட்டுட்டாங்க" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. போனை எடுத்து அவளுக்கு எழுதப் போனேன். பாதியில் வைத்துவிட்டேன். இந்தச் செய்தியின் முழு ருசி தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான். அவளிடம் சொல்ல முடியாது. இதற்கு அழுதேன் என்று எழுதினால் யார் நம்புவார்கள்? நசுங்கலுக்காக இல்லை.

மே 24, வெள்ளி

படம் வெளியானது. கடைக்கு வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு மதியக் காட்சிக்குத் தனியாகப் போனேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் ஒரு தலை. விளக்கு அணைவதற்கு முன்பே தெரிந்துவிட்டது.

வேரா இல்லை. மகள் இல்லை. ஊறுகாயும் இல்லை. உப்புச் சுரங்கமே இல்லை, நிலக்கரியாம்! பழைய படத்தில் மிஞ்சியது தலைப்பு மட்டும்.

பெயர்கள் ஓட ஆரம்பித்ததும் கூட்டம் எழுந்து போனது. நாங்கள் இருவரும் எழவில்லை. எல்லாப் பெயரும் முடிந்தபிறகு ஒரு துண்டுக் காட்சி வரும், அதில் வேரா வருவாள் என்று இரண்டு முட்டாள்களுக்கும் நம்பிக்கை. திரை வெள்ளையானது. விளக்கு எரிந்தது. ஒரு பெண் துடைப்பத்தோடு வந்து பாப்கார்னைக் கூட்ட ஆரம்பித்தாள்.

நோரீன் திரும்பாமலே சொன்னாள்: "நிலக்கரி!"

"நிலக்கரி," என்றேன்.

"மூணு வருஷமா அடிச்சுக்கிட்டோம்."

"அந்த நசுங்கல் விஷயம் படிச்சியா?"

"படிச்சேன். உங்ககிட்ட சொல்லணும்னு தவிச்சுப் போயிட்டேன்." இப்போது திரும்பினாள். "நான் வேணும்னு உங்களைத் தேடி வரல. சத்தியமா தெரியாது."

"எனக்கும் தெரியாது. அந்த ராட்சசி விஷயம்..."

"அதை விடுங்க. நீங்க அவ்ளோ மோசமில்லன்னு நான் பதில் எழுதினேனே, ஞாபகமில்லையா?"

எழுதியிருந்தாள். அதை நான் ஒத்துக்கொள்ளாமல் வாதாடியதும் ஞாபகம் வந்தது. கூட்டிக்கொண்டிருந்த பெண், "ரெண்டு பேரும் காலைத் தூக்குங்க," என்றாள். தூக்கினோம்.

அப்புறம் எதிரில் இருந்த கடையில் பியரோகி என்ற போலந்துக் கொழுக்கட்டை சாப்பிட்டோம். முதலில் கொஞ்சம் ரஸ்ஸைப் பற்றி, பிறகு வெகுநேரம் வேராவைப் பற்றி. போகும்போது கேட்டாள்: "அலமாரியில நீங்க மாவை எங்கதான் வச்சிருந்தீங்க?"

"எனக்கென்ன தெரியும்? ஒவ்வொரு வாரம் ஒவ்வொரு இடம்."

அவள் நடுத்தெருவில் நின்று சிரித்த சிரிப்பில் ஒரு நாய் குரைத்தது.

ஆகஸ்ட் 3, சனி

வேரா சுரங்கத்தின் வேறு வாய் வழியாக வெளியேறிவிட்டாள் என்பது இன்று என் வீட்டுச் சமையலறை மேசையில் நோரீனின் புதுக் கட்சி. அபத்தம். அடுத்த சனிக்கிழமை உடைக்கிறேன்.

அக்டோபர் 17

பித்தப்பையை எடுத்துவிட்டார்கள். இனி கடைக்குச் சொல்லும் வயிற்றுவலிக்கு ஆதாரம் இல்லை. மயக்க மருந்து கொடுப்பதால் வீட்டுக்குக் கூட்டிப்போக ஒருவர் வந்தே ஆகவேண்டும் என்றிருந்தார்கள். காலையில் நோரீனும் நானும் போய் நின்றோம். வரவேற்பில் இருந்த பெண் எங்கள் அடையாள அட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"மார்லீன் டுடெக், நோரீன் டுடெக். அக்கா தங்கச்சியா?"

நான் வாயைத் திறந்தேன். ரஸ்ஸின் குடும்பப் பெயரை நான் இன்னும் மாற்றவில்லை என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

"அதெல்லாம் பெரிய கதைம்மா," என்றாள் நோரீன். "முதல்ல அக்காவை உள்ள கூட்டிட்டுப் போங்க, பயந்து நடுங்குது."

இப்போது வீட்டில் படுத்திருக்கிறேன். கீழே நோரீன் பாத்திரம் உருட்டும் சத்தம். மயக்கத்தில் நான் ஏதோ உளறினேனாம். என்னவென்று எவ்வளவு கேட்டும் சொல்ல மாட்டேன் என்கிறாள்.