மேல்பெட்டி வைக்கும் நாள்

பான் ஹுவாய், லம்பூன்
19 நவம்பர் 1995

நொய்யின் அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நொய்க்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. ஆனாலும் பேச்சு குறையவில்லை. தைவானில் குளிர் தொடங்கியிருக்கும். அம்மா கொடுத்தனுப்பிய கம்பளியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துக்கொண்டு நடுங்க வேண்டாம்.

ஒரு செய்தி சொல்லவே எழுதுகிறேன். தேனீ வாங்கியிருக்கிறேன். ஒரே ஒரு கூட்டம், அடை கட்டிய ஐந்து மரச்சட்டம், இந்த வருடத்து ராணி. பக்கத்து ஊர் சொம்நுக் வாத்தியாரிடம் வாங்கினேன். கொட்டகையில் கிடந்த உங்கள் பழைய பெட்டிகளில் ஒன்றைத் தேய்த்துக் கழுவி, உள்பக்கம் நெருப்புக் காட்டி எடுத்துக்கொண்டேன். லம்யாய்ப் பழத் தோப்பில் கிழக்கு மூலையில் வைத்திருக்கிறேன். கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாகிவிட்டது, எறும்பு ஏறாது.

"இனி இந்த வீட்டில் ஒரு தேனீகூட வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினீர்கள். மறக்கவில்லை. உங்களைக் கேட்காமல் உங்கள் பெட்டியை எடுத்ததைச் சொல்லாமல் இருப்பது முறையில்லை என்பதால் சொல்கிறேன்.

சர்க்கரை வாங்க ஸ்ரீபான் அக்கா கடைக்குப் போயிருந்தேன். தேனீக்குப் பாகு காய்ச்ச என்றதும் அக்கா எல்லோர் முன்னாலும் சிரித்தாள். "ஏன்டி, புருஷன் வச்ச பன்னெண்டு பெட்டியையும் பாக்காம விட்டுக் கொன்னியே, இன்னும் ஆசை தீரலையா?" என்றாள். சர்க்கரையை வாங்கிக்கொண்டு வந்தேன்.

புவாசும்

*

காவ்சியுங்
3 டிசம்பர் 1995

புவாசும்,

கடிதம் கிடைத்தது. பதினோராவது மாடியில் கம்பி கட்டும் வேலை நடக்கிறது. காற்று முகத்தை அறுக்கிறது. கம்பளியைப் போட்டுக்கொள்கிறேன் என்று அம்மாவிடம் சொல்.

தேனீ வாங்கியது உன் இஷ்டம். வாங்கிவிட்டாய், இனி என்ன செய்வது? ஆனால் சொல்வதைக் கேள். இந்த மாதம் முடிவதற்குள், தேன் சேர, கூட்டின் மேல் இன்னொரு பெட்டியை, மேல்பெட்டியை, வைத்துவிடு. இடத்தைக் கண்டால்தான் தேனீ பெருகும். லம்யாய் பூத்த பிறகு வைக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் இடம் போதாமல் பாதிக் கூட்டம் ராணியோடு பறந்துவிடும். பிறகு காலிப் பெட்டியைப் பார்த்து அழ வேண்டியதுதான். உன்னால் முடியாது என்று கேவ் அண்ணனுக்கும் எழுதியிருக்கிறேன். அவர் வந்து வைப்பார்.

கடையில் பேசுகிறவர்கள் பேசத்தான் செய்வார்கள். நீ ஏன் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிறாய்?

நொய்க்கு என் முத்தம்.

தாவோன்

*

பான் ஹுவாய்
20 டிசம்பர் 1995

நொய்யின் அப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கேவ் அண்ணன் தோளில் பெட்டியோடு வந்து நின்றார்.

"ஏம்மா, தம்பி வைக்கச் சொல்லி எழுதியிருக்கான். தள்ளு, வச்சிட்டுப் போயிடறேன்."

"வேண்டாம்ணே."

"அவன் பன்னெண்டு பெட்டி வச்சிருந்தவன்மா."

"பன்னெண்டும் என்னாச்சுண்ணே?"

அவர் தோளிலிருந்த பெட்டியைக் கீழே இறக்கினார். மூடியைத் திறந்து காட்டினேன். பத்துச் சட்டத்தில் ஆறில்தான் தேனீ இருக்கிறது. ஓரத்துச் சட்டங்கள் நான் வைத்தபடியே வெறுமையாக நிற்கின்றன. "இந்தப் பனியில இருக்கற ஒரு வீட்டையே கதகதப்பா வச்சுக்க முடியாம கூடி உக்காந்திருக்கு. தலைக்கு மேல இன்னொரு வீட்டக் கட்டினா எங்கேருந்துண்ணே சூடு வரும்?" என்றேன். அண்ணன் குனிந்து பார்த்தார். "தம்பிக்கு நான் என்னன்னு எழுத?" என்றார். "கண்ணால பார்த்ததை எழுதுங்க" என்றேன். கொண்டுவந்த பெட்டியைக் கொட்டகையில் வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதே டிசம்பரில், பெட்டி வியாபாரி பேச்சைக் கேட்டு, ஒரே நாளில் பன்னிரண்டு மேல்பெட்டி வைத்தீர்கள். "பூ வரட்டும், கூட்டம் நிறையட்டும்" என்று உங்கள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டீர்கள். கீழே தேனீ கைப்பிடி அளவுக்குச் சுருங்கிப் போனது. மேலே காலிச் சட்டங்களில் மெழுகுப்புழு ஏறி வலை பின்னியது. பிறகு விகாரையில் அன்னதானத்தன்று ஊர் கேட்டபோது என்ன சொன்னீர்கள்? "நான் தோப்பு வேலையில இருந்தேன், பார்த்துக்கன்னு இவகிட்ட விட்டேன், இவ கோட்டை விட்டுட்டா" என்றீர்கள். நான் பக்கத்தில் சோற்றுக் கூடையோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சை ஊர் முன்னால் நீங்கள்தான் திரும்பப் பெற வேண்டும். அதுவரை பெட்டி விஷயமாக எனக்கு எதுவும் எழுத வேண்டாம்.

புவாசும்

*

காவ்சியுங்
6 ஜனவரி 1996

புவாசும்,

உன் கடிதத்தை மூன்று நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன்.

நீ சொன்னது சரி. நீ தடுத்தாய், நான் கேட்கவில்லை. அன்றைக்கு ஊரே என் முகத்தைப் பார்த்தது. வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மாற்ற முடியவில்லை. அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேனோ என்றுகூடச் சில சமயம் தோன்றுகிறது.

நடந்தது உனக்குத் தெரியும், எனக்கும் தெரியும். இது போதாதா? ஊருக்கும் எதற்கு?

தாவோன்

*

பான் ஹுவாய்
18 ஜனவரி 1996

நொய்யின் அப்பாவுக்கு,

போதாது.

பெட்டியில் இப்போது ஆறரைச் சட்டம்.

புவாசும்

*

காவ்சியுங்
2 பிப்ரவரி 1996

புவாசும்,

கேவ் அண்ணனுக்கு எழுதிவிட்டேன். இரண்டு பக்கம். கடையில் எல்லோரும் இருக்கும் நேரமாகப் பார்த்து உரக்கப் படிக்கச் சொல்லியிருக்கிறேன்.

என் ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. இன்னும் இரண்டு வருடம் இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று உன்னைக் கேட்கிறேன். வீட்டுக்கு வரலாமா?

பெட்டியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

தாவோன்

*

பான் ஹுவாய்
20 பிப்ரவரி 1996

தாவோனுக்கு,

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பிப்ரவரி ஒன்பதாம் தேதி மேல்பெட்டி வைத்தேன்.

அதற்கு முந்தின ஒரு வாரம் எனக்குச் சோறு இறங்கவில்லை. மொட்டுகள் விரியத் தொடங்கிவிட்டன. ஏழு சட்டம் நிறைந்திருந்தது, எட்டாவதில் ஒரு பக்கம்தான் அடை கட்டியிருந்தது. ஒரு சட்டத்தின் அடியில், பறக்கும் முன் புது ராணியை வளர்க்கத் தேனீ கட்டும் மெழுகுக் கிண்ணம் ஒன்று தொங்கியது. ரொம்பப் பொறுத்துவிட்டேனோ, நீங்கள் சொன்னபடி பறந்துபோகப் போகிறதோ என்று நினைத்தேன். வெயிலில் சாய்த்துப் பார்த்தேன், கிண்ணத்தில் முட்டை இல்லை, இன்னும் நாள் இருக்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் பார்த்தேன். ஒன்பதாம் தேதி காலை திறந்தபோது எட்டாவது சட்டத்தில் இரண்டு பக்கமும் வெள்ளை மெழுகு, மூடியின் அடி வரைக்கும் தேனீ. யாரையும் கேட்கவில்லை. நிறைந்த சட்டம் ஒன்றைக் கீழிருந்து எடுத்து மேலே நடுவில் வைத்து, தேனீ ஏறி வர வழி காட்டிவிட்டு, மூடினேன். இன்று மேலே ஐந்து சட்டத்தில் வேலை நடக்கிறது. தோப்பு முழுக்கப் பூ. பக்கத்தில் நின்றால் மழை வருகிற மாதிரி இரைச்சல்.

பன்னிரண்டாம் தேதி கேவ் அண்ணன் கடையில் உங்கள் கடிதத்தைப் படித்தார். நான் போகவில்லை. திரும்பும் வழியில் இங்கே வந்தார், வியர்த்திருந்தது.

"படிச்சிட்டேன்மா. ரெண்டு பக்கமும். எல்லாரும் கடைசி வரைக்கும் நின்னு கேட்டாங்க."

"ஸ்ரீபான் அக்கா?"

"அவ மட்டும், 'இத அவன் கைதான் எழுதிச்சா, இல்ல இவ எழுதி வாங்கிட்டாளா'ன்னா."

அண்ணனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். அவர் தேன்பெட்டியைப் பார்க்க வேண்டும் என்றார். காட்டினேன். "அன்னிக்கு நான் வச்சிட்டுப் போயிருந்தா?" என்று அவரே கேட்டுக்கொண்டார்.

கடிதம் எழுத உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு விகாரையில் பேசியது உங்கள் குரல். கடையில் கேட்டது அண்ணன் குரல்.

கையெழுத்துப் போட வேண்டாம். வாருங்கள். தேனீ என் பொறுப்பு, திறப்பதும் மூடுவதும் நான். கூட நின்று பெட்டிக்குப் புகை காட்ட ஆள் இருந்தால் நல்லதுதான். பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற வழியில்தான் ஸ்ரீபான் அக்கா கடை இருக்கிறது. மூட்டையைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் வாயால் ஒரு தடவை சொல்லுங்கள். அதன் பிறகு வீட்டுக்கு வாருங்கள். சோறு சூடாக இருக்கும்.

எந்த பஸ் என்று மட்டும் எழுதுங்கள்.

புவாசும்