நீங்கள் எனக்குச் சொன்ன இங்கிலீஷ் படம்

இன்று காலை சித்திரை வீதியில் சினிமா நோட்டீஸ் வண்டி போயிற்று. மேளச் சத்தம் கேட்டு வாசலுக்கு ஓடிய என் தம்பி பெண், ரோஸ் நிறக் காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் போட்டாள். கன்டோன்மென்ட்டில் ஓர் இங்கிலீஷ் படமாம். துரைசானி ஒருத்தி முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறாள். தொப்பி போட்ட ஒருவன் அவள் பின்னால் அசடு வழிய நிற்கிறான். அச்சு மையின் வாசனை வந்ததுதான் தாமதம், நீங்கள் என் இடது தோளருகே வந்து உட்கார்ந்துவிட்டீர்கள்.

படிக்காமலே அவளுக்குக் கதையைச் சொன்னேன். முதலில் இரண்டு பேரும் சண்டை போடுவார்கள். மழை வரும், ஒரு குடைதான் இருக்கும். நடுவில் யாரோ ஒருத்தி எதையோ சொல்லிக் கெடுப்பாள். கடைசியில் ரயிலோ கப்பலோ கிளம்புகிற சமயத்தில் அவன் மூச்சிரைக்க ஓடிவருவான்.

"நீங்க பார்த்துட்டேளா அத்தை?"

"இதைப் பார்க்கலை. இதோட அக்கா தங்கை எல்லாத்தையும் பார்த்தாச்சு."

தமிழ்ப் படம் கூடாது என்பது உங்கள் அம்மாவின் சட்டம். காதல் பாட்டைக் கேட்டு வீட்டுப் பெண்கள் கெட்டுப்போவார்களாம். "இங்கிலீஷ் படம்னா அழைச்சுண்டு போயேன். அவளுக்கு என்ன புரியப்போறது?" என்றார். பாவம், நீங்கள் கூட உட்கார்ந்து வரிக்கு வரி தமிழில் சொல்வீர்கள் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் எதிரே பெண்டாட்டியோடு பேசுவது மரியாதை இல்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால்கூடத் தூணைப் பார்த்துத்தான் கேட்பீர்கள். இரவில் நம் அறைக் கதவுக்கு அந்தப்பக்கம் கூடத்தில் யாராவது இருமிக்கொண்டே இருப்பார்கள். கல்யாணமாகி ஒரு வருஷம் வரை உங்கள் குரலை நான் சரியாகக் கேட்டதே கன்டோன்மென்ட் சினிமாக் கொட்டகையின் நாற்காலி வகுப்பில்தான். அங்கே மட்டும் ஆணும் பெண்ணும் சேர்ந்து உட்காரலாம். ஜட்காவில் காவிரிப் பாலம் தாண்டும்போதே எனக்குப் பாதிக் கனவு வந்துவிடும். விளக்கு அணைந்ததும் திரையில் உதடுகள் அசையும், என் காதில் உங்கள் குரல் கேட்கும். அந்த ஊர் ராஜகுமாரர்கள் எல்லாரும் ஸ்ரீரங்கத்துத் தமிழ் பேசினார்கள்.

ஒரு சனிக்கிழமை பார்த்ததும் அதே கதைதான். அவனுக்கு வேறொருத்தியோடு நிச்சயமாகிவிட்டது என்று தோழி சொல்ல, இவள் கதவைச் சாத்திக்கொண்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஒரு வார்த்தை அவனையே கேட்டா என்ன? வாயில கொழுக்கட்டையா?"

"கேட்டுட்டா படம் இப்பவே முடிஞ்சுடுமே" என்று சிரித்தீர்கள்.

நான் சிரிக்கவில்லை. மாவு அரைக்கும்போது உங்கள் அக்கா என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். கும்பகோணத்துப் பெண் ஒருத்தியை நீங்கள் ஆசைப்பட்டுப் பார்க்கப் போனீர்களாம். அது கூடிவராமல், அம்மாவின் வார்த்தைக்காக மண்ணச்சநல்லூரில் என்னைப் பண்ணிக்கொண்டீர்களாம். மாசக்கணக்காக அதை மனசுக்குள்ளேயே அரைத்துக்கொண்டிருந்தேன். வேண்டாத இடத்தில் ஆயுசு முழுக்கச் சமைத்துப் போட வேண்டுமோ என்ற பயம் எனக்கு.

திரையில் ரயில் நிலையம் வந்தது. கண்ணை எடுக்காமல் கேட்டேன்: "இவன் முதல்ல ஆசைப்பட்டது அந்தப் பொண்ணைத்தானே? அம்மா சொன்னான்னுதானே இவளைப் பண்ணிண்டான்?"

அந்தப் படத்தில் அம்மாவும் இல்லை, கல்யாணமும் இன்னும் ஆகவில்லை. நீங்கள் ஒருமுறை திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு அதே மொழிபெயர்ப்புக் குரலில் சொன்னீர்கள்:

"பார்க்கப் போனது வாஸ்தவம்ங்கறான். அப்போ இவளைத் தெரியாதேங்கறான். இப்போ ஆபீஸ்ல அஞ்சு மணி எப்போ அடிக்கும்னு உக்காந்திருக்கான். ஜட்கா பிடிச்சு ஓடி வரது யாருக்காகன்னு இவளுக்கு இன்னுமா தெரியலைங்கறான்."

திரையில் அப்போது ரயிலின் புகை மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, வெட்கமாகவும் இருந்தது. புடவைத் தலைப்புக்கு அடியில் உங்கள் விரலைப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் கொல்லைப்பக்கமாக வந்து, கொட்டகைத் தீட்டுப் போகக் குளித்துவிட்டு உள்ளே போனோம். "என்ன புரிஞ்சுது உனக்கு?" என்றார் உங்கள் அம்மா.

"ஒண்ணும் புரியலைம்மா."

"அதானே" என்றார், திருப்தியாக.

அப்புறம் எத்தனையோ சனிக்கிழமைகள். அந்தப் படங்களைப் பற்றி எனக்கு இன்றும் நல்ல அபிப்பிராயம் இல்லை. ஒரே மாவில் சுட்ட தோசைகள். ஆனால் உங்கள் தமிழில் அவற்றில் ஒன்றுகூட எனக்குச் சலித்ததில்லை.

நீங்கள் கடைசியாக விஷ ஜுரத்தில் படுத்திருந்தபோது, டாக்டர் கட்டிலருகே நின்று தன் உதவியாளரிடம் தணிந்த குரலில் இங்கிலீஷில் என்னவோ சொன்னார். பழக்கம் விடவில்லை, உங்களைத்தான் கேட்டேன். "என்ன சொல்றார்?"

நீங்கள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தீர்கள். "சரியாயிடும்ங்கறார்."

டாக்டரின் முகம் எனக்குத் தெரிந்தது. நான் தலையை ஆட்டினேன்.

இப்போது தம்பி பெண்ணோடு உட்கார்ந்து இங்கிலீஷ் படிக்கிறேன். ஓரளவு புரிகிறது. ஆனாலும் யார் எதைப் பேசினாலும், அதன் பக்கத்திலேயே உங்கள் குரலில் ஒரு தமிழ் வருகிறது. பல சமயம் அது தப்பான மொழிபெயர்ப்பு என்று தெரிகிறது. நான் அதையேதான் எடுத்துக்கொள்கிறேன்.