நேத்து நீங்க கூப்பிட்ட நம்பர்

என்னங்க,

சாப்பாடு மூடி வச்சிருக்கேன். வெளியே போனா சாவியை எதிர் வீட்டு அக்காகிட்ட குடுங்க.

நேத்து எங்க ஹெல்ப்லைன் ஆபீசுக்குப் போன் பண்ணி, "குடியை நிறுத்தணும், நான் லாரி டிரைவர்"னு சொன்னது நீங்கதான்னு முதல் இருமல்லயே தெரிஞ்சுபோச்சு. தையல் மெஷினை விட்டு நகராத மனுஷன் லாரி டிரைவராம்! எடுத்தது நான்தான்னு உங்களுக்கும் தெரியும். "வீட்டுல யார் இருக்காங்க?"ன்னு எல்லாரையும் கேக்கற மாதிரிதான் கேட்டேன். "பொண்டாட்டி இருக்கா, மூஞ்சி குடுத்துப் பேச மாட்டேங்கறா"ன்னீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு, "அவங்க கஷ்டம் அவங்களுக்கு, சார்"னேன்.

சொந்தக்காரங்க கூப்பிட்டா வேற ஆளுக்கு மாத்தி விடணும்ங்கறது எங்க ஆபீஸ் சட்டம். இனிமே மாத்தித்தான் விடுவேன். அவங்ககிட்ட கூச்சப்படாம பேசுங்க. பொண்டாட்டிகிட்ட பேசணும்னா என் செல்லுக்குக் கூப்பிடுங்க, எடுக்கறேன்.

உங்க குடிக் கூட்டாளி வந்து பெல் அடிச்சா கதவைத் திறக்காதீங்க.

இன்னொண்ணு. அரிசி டிரம்முக்குப் பின்னால இருக்கற பாட்டிலைப் பார்த்துட்டேன். தொடலை. குடிக்கிறவர் கையாலதான் கொட்டணும்னு ஊருக்கெல்லாம் போன்ல சொல்றவ நான். சாயங்காலம் வந்து, வாடை சிங்க்குல வருதா உங்க வாயில வருதான்னு பார்த்துக்கறேன்.